மூன்று ஊதலும் ஒன்றுபோல் இருந்தால் போதுமா?

கேள்வி: கொளத்தூரில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரல் காற்றை அளக்கும் சோதனை) எடுக்கும் டெக்னீஷியன் நான். சென்ற மாதம் 58 வயது ஆண் ஒருவருக்கு எடுத்தேன். நெடுநாள் பீடிப் பழக்கம் உள்ளவர். எஃப்.வி.சி. (முழுதாக இழுத்து ஊதித் தள்ளும் மொத்தக் காற்று) 2.04 லிட்டர், எஃப்.இ.வி.1 (அதில் முதல் வினாடியில் வரும் காற்று) அளவு 1.54 லிட்டர், இரண்டுக்குமான விகிதம் 75 சதவீதம். மூன்று ஊதலிலும் எஃப்.வி.சி. 2.04, 2.01, 1.98 என்று கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. ஊதிய நேரம் இரண்டரை வினாடி. 'ரெஸ்ட்ரிக்டிவ்' (நுரையீரல் சிறுத்தது) என்று ரிப்போர்ட் போனது. மூன்று வாரம் கழித்து வேறோர் இடத்தில் எஃப்.வி.சி. 2.61, எஃப்.இ.வி.1 அளவு 1.56, விகிதம் 60, 'அப்ஸ்ட்ரக்டிவ்' (மூச்சுக்குழாய் அடைப்பு). "உங்க மெஷினைத் தூக்கிப் போடுங்க" என்கிறார் டாக்டர். மெஷின் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. கம்பெனி ஆள் வருடம் ஒருமுறை வந்து பார்க்கிறார். இந்த மாடலுக்குத் தினசரி காலிபிரேஷன் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறார். ஒரு நோயாளிக்கு எனக்குக் கிடைப்பது பத்து நிமிடம். தப்பு எங்கே நடந்தது?
— வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். அது தப்புச் செய்யவில்லை என்பதற்கான சான்று நீங்கள் அனுப்பிய எண்களிலேயே இருக்கிறது. இரண்டு இடத்திலும் எஃப்.இ.வி.1 ஏறக்குறைய ஒன்றுதான்: 1.54, 1.56. அளவே தவறிய கருவி என்றால் முதல் வினாடிக் காற்றையும் தவறாகத்தான் காட்டியிருக்கும். வித்தியாசம் எஃப்.வி.சி.யில் மட்டும் இருக்கிறது. உங்களிடம் அவர் இரண்டரை வினாடியோடு நிறுத்திவிட்டார். மூச்சுக்குழாய் சுருங்கியவரின் நுரையீரல், வாய் குறுகிய பானைபோல மெதுவாகத்தான் காலியாகும். மிச்சமிருந்த அரை லிட்டருக்கும் மேலான காற்று வெளியே வராமலேயே போயிற்று. எஃப்.வி.சி. குறைந்ததால் விகிதம் உயர்ந்தது. அடைப்பு மறைந்து, 'நுரையீரல் சிறுத்துவிட்டது' என்ற தோற்றம் வந்தது. இதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி. இன்ஹேலர் கிடைக்க வேண்டியவருக்குச் சி.டி. ஸ்கேன் எழுதப்படுகிறது.

மூன்று ஊதலும் ஒன்றுபோல் வந்ததே என்கிறீர்கள். ஒரே இடத்தில் மூன்று முறை நிறுத்தினால் மூன்றும் ஒன்றுபோலத்தான் வரும். மறுபடி மறுபடி ஒரே எண் வருவது ஒரு தகுதி. அந்த எண் சரியாக இருப்பது வேறொரு தகுதி. முதலில் ஒவ்வொரு ஊதலும் தனித்தனியாகத் தேற வேண்டும். தேறியவற்றை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

தேறுவது எப்படி என்பதை அமெரிக்கத் தொராசிக் சொசைட்டியும் ஐரோப்பிய ரெஸ்பிரேட்டரி சொசைட்டியும் சேர்ந்து 2019ல் திருத்தி வெளியிட்ட விதிமுறை தெளிவாகச் சொல்கிறது. ஆறு வினாடி ஊதியே ஆக வேண்டும் என்ற பழைய விதி அதில் இல்லை. கன அளவு–நேர வரைபடத்தின் கடைசி ஒரு வினாடியில் 25 மில்லிக்கு மேல் ஏற்றம் இருக்கக் கூடாது, அதாவது கோடு தட்டையாகியிருக்க வேண்டும். அல்லது 15 வினாடி ஊதியிருக்க வேண்டும். இரண்டும் முடியாதவருக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: அந்த ஊதலின் எஃப்.வி.சி., அதே அமர்வில் முன்பு வந்த அதிகபட்ச எஃப்.வி.சி.யைவிடக் கூடவோ, 150 மில்லிக்குள் நெருங்கியோ இருந்தால் ஏற்கலாம். இந்த மூன்றாவது வழியில்தான் நீங்கள் வழுக்கியிருக்கக்கூடும். எல்லா ஊதலுமே சீக்கிரம் அறுந்திருந்தால் சில கருவிகளின் மென்பொருள் 'சரி' என்று டிக் போட்டுவிடும். இருபது வயதுப் பெண் மூன்றரை வினாடியில் தட்டைக் கோட்டுக்கு வந்தால் அது முழுமையான சோதனை. பீடி குடித்த 58 வயதுக்காரர் பத்து வினாடியில்கூட வராமல் போகலாம். எனவே கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், கோட்டின் வாலைப் பாருங்கள். ஃப்ளோ–வால்யூம் வளைவிலும் (காற்றின் வேகத்தைக் கன அளவோடு காட்டும் வரைபடம்) இது தெரியும். முழுதாக ஊதியவருக்கு வால் சரிந்து சரிந்து அச்சைத் தொடும்; நடுவில் நிறுத்தியவருக்குச் சுவர்போல் செங்குத்தாக விழும்.

தொடக்கத்துக்கும் அளவு உண்டு. தயங்கித் தயங்கி ஆரம்பித்தால் பின்னோக்கி நீட்டிக் கணக்கிடும் கன அளவு (வேகம் பிடிக்கும் முன்பே கசிந்த காற்று) கூடும். அது எஃப்.வி.சி.யில் 5 சதவீதம் அல்லது 100 மில்லி, இவற்றில் எது அதிகமோ அதற்குள் இருக்க வேண்டும். முதல் வினாடிக்குள் இருமினால் அந்த எஃப்.இ.வி.1 செல்லாது. பிறகு இருமினால் எஃப்.இ.வி.1 மட்டும் பயன்படலாம். இரண்டு அளவுகளுக்கும் தரக் குறியீடு தனித்தனியாகப் போட வேண்டும் என்பது இதனால்தான். உங்கள் நோயாளியின் எஃப்.இ.வி.1 நல்ல தரம், எஃப்.வி.சி. மோசமான தரம். இரண்டையும் ஒரே முத்திரையில் அடைத்ததுதான் ரிப்போர்ட்டில் நடந்த பிழை. தேறிய ஊதல்கள் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் மிகப் பெரிய இரண்டு எஃப்.வி.சி.க்கு இடையிலும், மிகப் பெரிய இரண்டு எஃப்.இ.வி.1க்கு இடையிலும் வித்தியாசம் 150 மில்லிக்குள் இருக்க வேண்டும். ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு 100 மில்லி அல்லது 10 சதவீதம், எது அதிகமோ அது. பெரியவர்களுக்குப் பொதுவாக எட்டு ஊதலுக்கு மேல் போக வேண்டாம்.

இனி, நீங்கள் நோயாளியிடம் பேசும் தமிழுக்கு வருகிறேன். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் நம் ஊரில் பாதிச் சோதனைகள் இங்கேதான் கெடுகின்றன என்பது என் கணிப்பு.

"மூச்சு விடுங்க" என்றால் நம் மொழியில் வெளியே விடுவது மட்டுமல்ல, சுவாசிப்பது என்றும் பொருள். சொன்னதும் நோயாளி இழுத்து விட்டு இழுத்து விட்டு நிற்பார். "விடாதீங்க, விடாதீங்க" என்று நீங்கள் ஊக்கப்படுத்தும்போது, 'முயற்சியைக் கைவிடாதே' என்பதை 'காற்றை வெளியே விடாதே' என்று எடுத்துக்கொண்டு சட்டென்று அடக்குபவர்கள் உண்டு. ஊதல் இரண்டரை வினாடியில் அறுவதற்கு இந்த ஒரு சொல்லே போதும். இனி அந்தச் சொல் வேண்டாம். "ஊதுங்க" என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊதாங்குழலில் அடுப்பு ஊதிப் பழகிய அம்மாக்கள் கன்னத்தை உப்பி, உதட்டைக் குவித்து ஊதுவார்கள். காற்று கன்னத்தில் தங்கும், நாக்கு மவுத்பீஸ் வாயை அடைக்கும். "கண்ணாடி மேல ஆவி படிய 'ஹா'ன்னு விடுவீங்கல்ல, அதே மாதிரி தொண்டையைத் திறந்து, ஆனா ஒரே அடியா வேகமா" என்று சொல்லி, ஒரு மவுத்பீஸைக் கையில் எடுத்து நீங்களே செய்து காட்டுங்கள். பத்து வாக்கியம் சொல்வதைவிட ஒருமுறை காட்டுவது வேகமாக வேலை செய்யும்.

சொற்களை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "இழுங்க, இழுங்க, இன்னும் கொஞ்சம் இழுங்க" என்பது நிரம்பும்வரை. "ஊது!" என்பது ஒரே வெடிப்பு, மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்பதால் "அப்பா, அந்த ஒரு சொல்லை மட்டும் சத்தமா ஒருமையில சொல்லுவேன், தப்பா நினைக்காதீங்க" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். அதன்பின் குரலைத் தணித்து, "வருது வருது, இன்னும் வருது, அப்படியே போகட்டும்" என்று நீட்டுங்கள். வால் பகுதியில் முழு பலத்தோடு முக்க வேண்டியதில்லை. மெதுவாகக் கசிந்தாலும் போதும். இது தெரிந்தால் தலைசுற்றலும் இருமலும் குறையும். கடைசியில் "இப்ப மறுபடி வேகமா, முழுசா உள்ளே இழுங்க." கண் திரையில் அல்ல, நோயாளியின் மேல் இருக்கட்டும். தோள் எழுவது நின்றதா, உதட்டோரம் காற்று கசிகிறதா, கண் செருகுகிறதா என்பதையெல்லாம் திரை சொல்லாது.

அந்தக் கடைசி இழுப்பைப் பலர் வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். அது மிகப் பெரிய காவல். நோயாளி தொடக்கத்தில் நுரையீரலை முழுதாக நிரப்பாமல் ஊதினால், எஃப்.வி.சி., எஃப்.இ.வி.1 இரண்டும் சேர்ந்து குறையும், விகிதம் ஒழுங்காக இருக்கும், வளைவும் அழகாக இருக்கும். வெளிமூச்சை மட்டும் பார்த்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பொய்யான 'ரெஸ்ட்ரிக்டிவ்' ரிப்போர்ட்டுக்கு இன்னொரு பிறப்பிடம் இது. முடிவில் உள்ளே இழுத்த அளவு, ஊதிய அளவைவிட 100 மில்லி அல்லது 5 சதவீதம் (எது அதிகமோ அது) தாண்டிக் கூடினால், முதலில் அவர் முழுதாக இழுக்கவில்லை என்று அர்த்தம். நிரம்பிய பிறகு இரண்டு வினாடிக்கு மேல் அடக்கி நிற்பதும் கூடாது.

அரைகுறை வேகத்தில் ஊதினால் எஃப்.இ.வி.1 குறையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அடைப்பு உள்ள சிலருக்கு அது கூடவும் செய்யும், ஏனெனில் பலமாக ஊதும்போது மூச்சுக்குழாய் நசுங்கும் அளவுக்கு, மென்மையாக ஊதும்போது நசுங்குவதில்லை. எனவே உச்ச வேகம் குறைந்து எஃப்.இ.வி.1 உயர்ந்த ஊதலைக் கண்டால் சந்தோஷப்படாமல் மறுபடி எடுங்கள்.

இனி கருவி. கம்பெனி ஆள் சொன்னதை ஏற்காதீர்கள். எந்த வகைச் சென்சார் ஆனாலும் தினமும் மூன்று லிட்டர் சிரிஞ்சால் சரிபார்க்க வேண்டும் என்பதே விதி. காலிபிரேஷன் என்பது கருவியின் அளவைத் திருத்துவது. சரிபார்ப்பு என்பது அளவு சரியா என்று பார்ப்பது. முன்னது தினமும் தேவைப்படாத மாடல்கள் இருக்கலாம், பின்னது இல்லாமல் ஒரு நாளும் தொடங்கக் கூடாது. வேகமாக ஒருமுறை, நடுத்தரமாக ஒருமுறை, மெதுவாக ஒருமுறை: முழு மூன்று லிட்டரைத் தள்ளும் நேரம் அரை வினாடியிலிருந்து ஆறு வினாடி வரை விரிய வேண்டும். மூன்று வேகத்திலும் எண் 2.91க்கும் 3.09க்கும் இடையில் இருக்க வேண்டும். வேகத்தில் சரியாக வந்து மெதுவில் தவறினால் சென்சாரில் ஈரமோ சளியோ, ஜீரோ பிழையோ (காற்று ஓடாதபோதும் பூஜ்யம் காட்டாதது), கசிவோ இருக்கலாம். நோயாளிக்குப் போடும் அதே வகை ஃபில்டரை மாட்டியே சோதியுங்கள். ஃபில்டர் கம்பெனி மாறினால் மறுபடி சோதியுங்கள். சரிபார்ப்புக்கான திரையில் செய்ய வேண்டும். நோயாளித் திரையில் சிரிஞ்சைத் தள்ளினால் கருவி உடல் வெப்பத் திருத்தத்தைச் சேர்த்து மூன்றுக்கு மேல் காட்டும். அதைப் பார்த்து மெஷின் போச்சு என்று பயப்படுவார்கள்.

எல்லைக்கு வெளியே போனால் உடனே 'ரீகாலிபிரேட்' பொத்தானை அமுக்குவது கெட்ட பழக்கம். இணைப்பு தளர்ந்து 5 சதவீதம் கசிந்தால், கருவி அந்தக் கசிவையே சரியென்று கற்றுக்கொள்ளும். முதலில் இணைப்பு, ஃபில்டர், சென்சார், பிறகு ஜீரோ, பிறகு மறுசோதனை, கடைசியாகத்தான் காலிபிரேஷன். புதிய திருத்தக் காரணி வழக்கமான சராசரியிலிருந்து 6 சதவீதம் விலகினால் சென்சாரைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். சிரிஞ்சின் வாயை அடைத்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளிப் பார்க்கும் கசிவுச் சோதனை மாதம் ஒருமுறை. கீழே விழுந்த சிரிஞ்சை, மறுபடி அளந்து சான்று வரும்வரை நம்பக் கூடாது. அது கருவியின் பக்கத்திலேயே, அதே அறை வெப்பத்தில், வெயில் படாமல் இருக்கட்டும். சன்னல் திண்டில் வைக்காதீர்கள்.

சென்னைக்கென்றே உள்ள தொல்லை வெப்பமும் காற்றும். இரவெல்லாம் ஏ.சி. அணைந்திருந்த அறை மே மாதக் காலையில் 30 டிகிரி இருக்கும். எட்டு மணிக்கு அந்த எண்ணோடு தொடங்கி, பத்து மணிக்கு அறை 24 ஆகிவிட்டால், அளவை உடல் வெப்பத்துக்கு மாற்றும் திருத்தக் கணக்கு தவறிவிடும். 24 டிகிரிக்குப் பெருக்கெண் 1.080, 30 டிகிரிக்கு 1.045. கன அளவை நேரடியாக அளக்கும் கருவியில் இந்த ஆறு டிகிரிக்கே மூன்று சதவீதத்துக்கு மேல் பிழை வரும்; ஃப்ளோ சென்சாரில் அதன் வகையைப் பொறுத்து மாறும். ஏ.சி. போட்டு அரை மணி அறை நிதானமான பிறகு சரிபாருங்கள். சுவரில் தனியாக ஒரு வெப்பமானி மாட்டி, கருவி காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் ஆகாது.

ஃபேன் அதைவிட மோசம். ஊதலுக்கு முன் கருவி 'ஜீரோ' எடுக்கும் நொடியில் சென்சார் வழியே துளி காற்று ஓடினாலும், அந்தத் துளியை அது பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு ஊதல் முழுக்கச் சேர்க்கும் அல்லது கழிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 30 மில்லி பிழை, 12 வினாடி ஊதல். உண்மையான எஃப்.வி.சி. 3.00, எஃப்.இ.வி.1 அளவு 2.25, விகிதம் 75. பிழை சேர்ந்த பின் எஃப்.வி.சி. 3.36, எஃப்.இ.வி.1 அளவு 2.28, விகிதம் 68. ஆரோக்கியமானவர் நோயாளி ஆகிவிட்டார். அடையாளம்: கோடு தட்டையாகவே ஆகாமல் ஒரே சாய்வில் ஏறிக்கொண்டே போகும். பிழை எதிர்த்திசையில் இருந்தால் கடைசியில் கோடு கீழே சரியும். ஜீரோ எடுக்கும்போது சென்சாரை அசையாமல் பிடித்து, ஒரு முனையை அடைத்து, நோயாளியின் வாயிலிருந்து தள்ளி வைத்து எடுங்கள். அந்த நேரம் ஃபேன் நிற்கட்டும், ஏ.சி. காற்று நேராக மேலே விழும் இடத்தில் நாற்காலி வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒரு காவல் வைக்கலாம், செலவே இல்லை. நீங்கள் புகைக்காதவர், ஆஸ்துமா இல்லாதவர் என்றால் வாரம் ஒருமுறை நீங்களே ஊதி ஒரு நோட்டில் எழுதுங்கள். வெவ்வேறு நாட்களில் எடுத்த இருபது அளவு சேர்ந்ததும் உங்கள் சராசரியும் ஏற்ற இறக்கமும் தெரியும். சிரிஞ்சு தேறி, நீங்கள் தேறாத வாரத்தில் வெப்ப எண்ணையும் ஜீரோவையும் சந்தேகியுங்கள்.

நோயாளியை உட்காரவைப்பது பற்றிச் சுருக்கமாக: கைப்பிடி உள்ள, சக்கரம் இல்லாத நாற்காலி, பாதம் தரையில், நோஸ் கிளிப் கட்டாயம். பாவாடை நாடா, பெல்ட் இறுக்கமாக இருந்தால் தளர்த்தச் சொல்லுங்கள். அதற்கு ஒரு திரை மறைவு வேண்டும். பல் செட் இறுக்கமாக நின்றால் வாயிலேயே இருக்கட்டும், ஆடினால் கழற்றட்டும். வெற்றிலை போட்டிருந்தால் வாய் கொப்பளிக்க வேண்டும். உயரத்தைக் கேட்டு எழுதாதீர்கள், செருப்பில்லாமல் அளங்கள். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 3 செ.மீ. தவறினால் எதிர்பார்க்கும் எஃப்.வி.சி. நூறு மில்லிக்கு மேல் நகரும். கூன் உள்ளவருக்குக் கைகளை விரித்த நீளம்.

எதிர்பார்க்கும் அளவில் இத்தனை சதவீதம் என்று இரண்டு கூடங்கள் போடும் எண் ஒத்துப்போகாமல் இருக்க இன்னொரு காரணம், அந்த எதிர்பார்க்கும் அளவைக் கணக்கிடும் ஒப்பீட்டுச் சமன்பாடு. உங்கள் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அதன் பெயர் அச்சாகியிருக்கும், பாருங்கள். சென்னையின் காசநோய் ஆராய்ச்சி மையம் (இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) 1990ல் சென்னை இளம் வயதினருக்கான அளவுகளை வெளியிட்டது. அது இளையோருக்கானது, எழுபது வயதுக்காரருக்கு நீட்டக் கூடாது. பல நாடுகளின் தரவைச் சேர்த்த ஜி.எல்.ஐ. 2012 சமன்பாட்டில் இந்தியத் துணைக்கண்டத்துக்குத் தனிப் பிரிவு இல்லை. இனப் பிரிவே இல்லாத பொதுச் சமன்பாடு 2022ல் வந்தது. எதை வைப்பது என்று டாக்டரோடு பேசி ஒன்றை முடிவுசெய்யுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடும்போது சதவீதத்தை விட்டுவிட்டு லிட்டரை ஒப்பிடுங்கள்.

பத்து நிமிடம் போதாது. இதை நிர்வாகத்திடம் சொல்லத்தான் வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம் நான்கு முறை ஸ்பேசரில் (இன்ஹேலரோடு மாட்டும் குடுவை) கொடுத்துவிட்டு 15 நிமிடம் காத்திருந்து மறுபடி எடுக்கும் சோதனைக்கு முக்கால் மணி ஆகும். ஆனால் காத்திருக்கும் நேரத்தில் அடுத்தவரை ஊதவைக்கலாம். உயரம், எடை, பிறந்த தேதி, மருந்து விவரம் ஆகியவற்றைப் பதிவு மேசையிலேயே முடிக்கலாம். முன்பதிவு போனில் வரும்போதே இன்ஹேலரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்: சால்பியூட்டமால் 4 முதல் 6 மணி நேரம், ஃபார்மோடெரால், சால்மெடெரால் கலந்தவை 24 மணி நேரம், டயோட்ரோபியம் 36 முதல் 48 மணி நேரம் முன் நிறுத்துவது, அதுவும் டாக்டர் சரி என்றால் மட்டும். "பம்பு அடிச்சிட்டு வந்துட்டேன்" என்பவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று எழுதிவிட்டு எடுங்கள். மூச்சு நிற்காமல் திணறுபவரிடம் மருந்தை நிறுத்தச் சொல்லவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் இரத்தம் என்று சொன்னால் முதலில் சளிப் பரிசோதனை, பிறகுதான் இது. ஒரு வாரத்துக்குள் மாரடைப்போ கண் அறுவையோ, நான்கு வாரத்துக்குள் நெஞ்சு, வயிறு, மூளை அறுவையோ நடந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஊதவைக்க வேண்டாம்.

உங்கள் அந்த நோயாளியைக் கட்டணம் வாங்காமல் மறுபடி அழையுங்கள். மூன்று முறை தட்டைக் கோடு வரும்வரை எடுங்கள். வந்துவிட்டால் பழைய ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற்று, திருத்தியதைத் தேதியோடு கொடுங்கள். வராவிட்டால் அந்தச் சோதனையிலிருந்து 'ரெஸ்ட்ரிக்டிவ்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நுரையீரல் சிறுத்திருப்பதை உறுதிசெய்ய மொத்தக் கொள்ளளவை அளக்கும் பாடி பிளெதிஸ்மோகிராஃபி போன்ற வேறு சோதனை வேண்டும், ஸ்பைரோமெட்ரி மட்டும் போதாது. அந்தச் சொல் இருந்த இடத்தில் உங்கள் கையால் இப்படி எழுதுங்கள்: "எஃப்.இ.வி.1 நம்பத்தக்கது. நோயாளி சீக்கிரம் நிறுத்தினார், எஃப்.வி.சி. உண்மையைவிடக் குறைவாகவும், விகிதம் உண்மையைவிடக் கூடுதலாகவும் இருக்கக்கூடும்."